மூன்று மாடிக் குடும்பம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டில் இரண்டு பேருக்கு வயிற்று வலி. ஒருத்தி அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். மற்றவன் சொல்லவே கூடாது என்று முடிவெடுத்திருந்தான்.

யோசித்துக்கொண்டிருந்தவள் சோடா. ஆறாம் வகுப்பில் கண்ணாடி போட்ட அன்று பிள்ளைகள் வைத்த சோடாபுட்டி என்ற பட்டப்பெயர், பாதியாகத் தேய்ந்து, இருபத்தேழு வயதிலும் அவளை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. பார்க்கும் வேலையும் மூக்குக் கண்ணாடிக் கடையில்தான். லென்ஸை அரைத்து, ஓரம் தீட்டி, சட்டத்துக்குள் பிசகாமல் உட்காரவைப்பாள்.

சொல்லக் கூடாது என்றிருந்தவன் அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக். கடை இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணுகிறது என்று வந்தவன், சரிசெய்து முடித்த பிறகும் நான்கு வாரம் வந்துகொண்டே இருந்தான். ஐந்தாவது வாரம் சோடாவே கேட்டுவிட்டாள், கோளாறு லிஃப்ட்டிலா உங்களிடமா என்று. கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் அவளுக்கு அவன் மெக்கானிக்தான்.

பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. முந்தின நாள்தான் லீவு போட்டிருந்தாள். குழந்தைக்கு வாங்கிவைத்த சட்டைகளைத் துவைத்து, பால்கனிக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தபோது, இடுப்பில் ஆரம்பித்து முன்னால் வந்து இறுக்கிப் பிடித்தது ஒரு வலி. பொய் வலியாக இருக்கும் என்று இன்னும் இரண்டு சட்டைகளைப் போட்டாள். மூன்றாவது சட்டையில் மறுபடி வந்தது. சரி, சொல்லிவிடுவோம் என்று உள்ளே வந்து பார்த்தால், மெக்கானிக் சோபாவில் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

"எனக்கு வலி வருது, மெக்கானிக்."

சொல்லக் கூடாது என்றிருந்தவனுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. "எனக்கும்," என்றான்.

சோடாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்றாம் மாதம் அவளுக்கு வாந்தி வந்தபோது இவனுக்கும் குமட்டிக்கொண்டு வந்தது. ஏழாம் மாதம் அவளுக்குக் கால் வீங்கியபோது தன் ஷூ இறுக்குகிறது என்றான். கடைசியில் பிரசவ வலியிலுமா பங்குக்கு வருவான்? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் பனிக்குடம் உடைந்து காலடியில் தரையெல்லாம் நனைந்தது. அதற்குப் பிறகு யாருடைய வலி பெரிது என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.

டாக்ஸிக்குப் போன் செய்தால் அரைமணி நேரம் ஆகும் என்றார்கள். மெக்கானிக் தன் அக்காவைக் கூப்பிட்டான். சோடாவுக்கு அண்ணி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேருக்குக் கியர் போடச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், எங்கே போனாலும் யாராவது ஒருவர் அவளைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொள்வார். ஆறே நிமிடத்தில் வாசலில் ஹாரன் கேட்டது. தட்டுத்தடுமாறிக் கீழே இறங்கினால், நின்றது டிரைவிங் ஸ்கூல் கார். தலையில் பெரிய எல் போர்டு. ஓட்டுகிற சீட்டில், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி ஒரு கணக்கு வாத்தியார். அன்று அவருக்கு மூன்றாவது வகுப்பு.

அண்ணி அவரை இறக்கி, இந்தப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, மடியில் சோடாவின் பையைத் திணித்தாள். அது கற்றுக்கொடுப்பவர் சீட், அங்கே காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. "சார், காலை மேல தூக்கி வச்சுக்குங்க. பதற்றத்துல அதை மட்டும் மிதிச்சுடாதீங்க," என்றாள். பாவம், அவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை இரண்டு காலையும் அந்தரத்தில் வைத்தபடியே வந்தார். ஆனால் ஓர் உபகாரம் செய்தார். பின்னாலிருந்து சோடா முனகும் ஒவ்வொரு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஆறு நிமிஷம், ஐந்தரை நிமிஷம், நாலே முக்கால் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கணக்கு சுத்தமாக இருந்தது.

எல் போர்டைப் பார்த்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. ஒரு சிக்னலில், லாரி டிரைவர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, ஓட்டத் தெரியாதவர்களெல்லாம் எதற்கு மெயின் ரோட்டுக்கு வருகிறீர்கள் என்று சத்தம் போட்டார். அண்ணி கண்ணாடியை இறக்கி, திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அவர் தலை உள்ளே போய்விட்டது. லாரி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. "ரிவர்ஸ் எடுக்க இவனுக்கு ரெண்டு மாசம் ஆச்சு," என்றாள் அண்ணி. அந்த வலியிலும் சோடாவுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் மெக்கானிக் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் சாய்ந்து, கண்ணை மூடியிருந்தான். அவன் கையைத் தொட்டாள். கொதித்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. அண்ணியிடம் இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள்.

பிரசவ வார்டு இரண்டாவது மாடியில். அங்கிருந்த தலைமை நர்ஸ் கட்டை குட்டையான பெண்மணி. முப்பது வருடமாகப் பிரசவம் பார்க்கிறவள். புருஷன்மார் மயங்கி விழுவதெல்லாம் அவளுக்குப் பழகிப்போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி வந்த மெக்கானிக்கையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தாள். ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு, சோடாவைக் கட்டிலில் ஏற்றி, வயிற்றில் பட்டையைக் கட்டி மெஷினை மாட்டினாள். குதிரை ஓடுகிற மாதிரி குழந்தையின் இதயச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

வேலையை முடித்துவிட்டுத் திரும்பியபோதுதான் அவள் மெக்கானிக்கைச் சரியாகப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. கை வலது அடிவயிற்றை விட்டு நகரவில்லை. அவனைப் பக்கத்திலிருந்த காலிக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். கை இருந்த இடத்தில் மெதுவாக அழுத்தி, சட்டென்று விட்டாள். அவன் போட்ட சத்தத்தில், திரைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பெண்களும் ஒரு நிமிடம் தங்கள் வலியையே மறந்தார்கள்.

"இது பயம் இல்ல, தம்பி. அப்பெண்டிக்ஸ். எப்பலேருந்து வலிக்குது?"

"நேத்து மத்தியானத்துலேருந்து."

"நேத்தா?" என்றாள் சோடா, கட்டிலிலிருந்து.

"நீ பயந்துடுவேன்னு சொல்லல."

பிரசவ வார்டிலிருந்து ஓர் ஆண்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கொண்டுபோனது அந்த ஆஸ்பத்திரியில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். லிஃப்ட்டுக்குள் போகும்போது, கதவில் ஒரு ரோலர் தேய்ந்திருக்கிறது, சத்தம் வருகிறது பாருங்கள் என்று தள்ளுகிறவரிடம் அவன் சொன்னானாம். அண்ணி பிறகு தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்.

ஒரு மணி நேரத்தில் ஸ்கேன் எடுத்து, ரத்தம் பார்த்து முடித்துவிட்டார்கள். குடல்வால் வீங்கி, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும் நிலையில் இருந்தது. உடனே ஆபரேஷன் என்றார் சர்ஜன். ஒப்புதல் பாரத்தில் அவன் கையெழுத்தோடு நெருங்கிய உறவினர் கையெழுத்தும் வேண்டும். அக்கா பக்கத்திலேயே நின்றாள். ஆனால் மெக்கானிக், சோடாதான் போட வேண்டும் என்று அடம்பிடித்தான். அதைச் சாக்காக வைத்து அவளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. தலைமை நர்ஸ் மனசு வைத்தாள். தள்ளுவண்டியைப் பிரசவ அறை வாசல்வரை கொண்டுவந்தார்கள்.

சோடாவுக்கு அப்போது மூன்று நிமிடத்துக்கு ஒரு வலி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற கட்டத்தில் மனைவி என்று எழுதும்போது அடுத்த வலி வந்துவிட்டது. கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி, தாளின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போனது.

"நான் வர்ற வரைக்கும் கொஞ்சம் தாங்கிக்க, சோடா," என்றான் மெக்கானிக்.

"அது என் கையிலயா இருக்கு? நீ முதல்ல ஒழுங்கா போய்ட்டு வா."

வண்டி நகர்ந்தது. அவன் உள்ளங்காலைத்தான் அவளால் கடைசியாகப் பார்க்க முடிந்தது. ஒரு காலில் மட்டும் சாக்ஸ் இருந்தது.

அவன் போய்க் கால்மணி நேரம் ஆகியிருக்கும். ஓடிக்கொண்டிருந்த குதிரை திடீரென்று தளர்ந்து நடக்க ஆரம்பித்தது. சோடாதான் முதலில் கவனித்தாள். தலைமை நர்ஸ் வந்து மெஷினிலிருந்து வரும் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சோடாவை இடதுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை வைத்தாள். சத்தம் ஏறியது. அடுத்த வலியில் மறுபடி இறங்கியது. டாக்டரம்மா ஓடிவந்தார். தொப்புள்கொடி எங்கேயோ அழுந்துகிறது, காத்திருக்க முடியாது, வயிற்றைத் திறந்து எடுத்துவிடலாம் என்றார். சுற்றிலும் ஐந்தாறு பேர், ஆளுக்கொரு வேலை. ஒருத்தி ஊசி குத்தினாள், ஒருத்தி வளையலைக் கழற்றினாள், ஒருத்தி சோடாவின் கண்ணாடியைக் கழற்றி அண்ணியின் கையில் கொடுத்தாள். இன்னொரு பாரம் வந்தது. சோடா கையெழுத்துப் போட்டாள். கீழே அண்ணி போட்டாள். ஒரே காலையில் இரண்டு பாரத்திலும் தன் கையெழுத்து இருக்கிறது என்பது மட்டும் சோடாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் தலைகால் புரியாமல் நடந்தது.

கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு உலகம் கஞ்சிப்பசை பூசிய ஜன்னல் வழியே பார்க்கிற மாதிரி. ஆபரேஷன் அறைக்குள் மேலே ஒரு பெரிய வெளிச்சம், சுற்றிலும் பச்சைப் பச்சையாக உருவங்கள். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே அவளுக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டரிடம், தன் வீட்டுக்காரர் எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்டாள். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என்றார். சோடா அந்தச் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் திறந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டர் குனிந்தார். "உங்க வீட்டுக்காரருக்கு முடிஞ்சுதாம். வெடிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க."

அதைக் கேட்டு அவள் விட்ட மூச்சு முடிவதற்குள், வயிற்றில் ஒரு பெரிய இழுப்பு. யாரோ பெண் குழந்தை என்றார்கள். மணி பன்னிரண்டு நாற்பது என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அழுகைச் சத்தத்துக்காக சோடா காத்திருந்தாள். ஒரு மூலையில் நாலு பச்சை உருவங்கள் எதன்மேலோ குனிந்திருந்தன. எதையோ உறிஞ்சும் சத்தம் கேட்டது, துணியால் தேய்க்கும் சத்தம் கேட்டது. "ஏன் அழல?" என்று கேட்டாள். "தேய்க்கறாங்கம்மா, அழும்," என்றார் டாக்டர். அவள் வாழ்க்கையில் எத்தனையோ லென்ஸை நூலிழை பிசகாமல் அளந்தவள். அந்த நேரத்தை மட்டும் அவளால் அளக்க முடியவில்லை. பிறகு கேட்டபோது, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது என்றார்கள். அவள் நம்பவே இல்லை.

முதலில் வந்தது அழுகைகூட இல்லை, ஒரு தும்மல். அப்புறம் ஒரு முனகல். அதன் பிறகு, யாரோ பொருளைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஒரு பெரும் அழுகை. அறையிலிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சோடாவின் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது.

ஒரு நர்ஸ் குழந்தையை அவள் கன்னத்தருகே கொண்டுவந்து காட்டினாள். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவள், தன் மகளைப் பார்த்தது ஒரு ரோஜா நிற மங்கலாகத்தான். முகத்தைத் திருப்புவதற்குள் கொண்டுபோய்விட்டார்கள். மூச்சு ரொம்ப வேகமாக வாங்குகிறது, மூன்றாவது மாடியில் பச்சிளம் குழந்தைகள் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஆக, சாயங்காலம் நாலு மணிக்கு நிலவரம் இதுதான். தாய் இரண்டாவது மாடி. மகள் மூன்றாவது மாடி. தகப்பன் நான்காவது மாடி, ஆண்கள் சர்ஜரி வார்டு. மூன்று பேரில் ஒருவரும் எழுந்து நடக்க முடியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடியது அண்ணி ஒருத்திதான். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் ஏறுவாள், இறங்குவாள், ஒவ்வொரு மாடியிலும் மூச்சிரைக்க மற்ற இரண்டு மாடிகளின் செய்தியைச் சொல்வாள்.

நான்காவது மாடியில், மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருந்த தம்பியிடம், "டேய், பொண்ணுடா," என்று சொன்னாளாம். அவன் கண்ணைத் திறக்காமலேயே, "அப்பெண்டிக்ஸா?" என்று கேட்டானாம். வார்டு மொத்தமும் சிரித்தது. பொண்டாட்டியைப் பிரசவத்துக்குக் கூட்டிவந்து தானும் வயிற்றைக் கிழித்துக்கொண்டவன் என்று அதற்குள் அவன் கதை எல்லாக் கட்டிலுக்கும் போயிருந்தது. மூன்றாவது கட்டில்காரர் அவனுக்குப் பிள்ளைத்தாச்சி என்று பெயரே வைத்துவிட்டார்.

அண்ணி போனில் குழந்தையைப் படம்பிடித்து வந்தாள். கண்ணாடி எங்கே என்று சோடா கேட்டபோதுதான் அண்ணிக்கு நினைவு வந்தது. ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்திலிருந்து காரை எடுக்கச் சொல்லி யாரோ கத்தியபோது ஓடிப்போய், கண்ணாடியை அதற்குள்ளேயே வைத்துவிட்டிருந்தாள். காரைக் கணக்கு வாத்தியாரோடு வேறொருவர் ஸ்கூலுக்குக் கொண்டுபோய்விட்டார். சோடா போனை மூக்கில் ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தாள். ஒரு தொப்பி தெரிந்தது, ஒரு குழாய் தெரிந்தது, மூடிய ஒரு கண் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினாள். இன்னும். கடைசியில் மகள் வெறும் புள்ளிகளாகிவிட்டாள்.

குழந்தைகள் வார்டு டாக்டர் இறங்கிவந்து சொன்னார். நுரையீரலில் இன்னும் நீர் முழுசாக வற்றவில்லை, அதனால்தான் வேகமாக மூச்சு விடுகிறாள், ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம், பெரும்பாலும் இரண்டு நாளில் சரியாகிவிடும். அந்தப் பெரும்பாலும் என்ற வார்த்தை சோடாவின் காதிலேயே நின்றது. நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். பால் எடுத்துக் கொடுங்கள், குழாயில் ஊட்டுகிறோம் என்றார். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததே அவளுக்குப் பாதி உயிரைக் கொடுத்தது. தலைமை நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பிழிந்து எடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். அரைமணி நேரம் போராடி மூன்று மில்லி வந்தது. மஞ்சளாக, கெட்டியாக. அண்ணி அந்தச் சின்னக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வழியில் யாரையும் அருகே விடாமல் மூன்றாவது மாடிக்கு ஏறினாள். அன்று அவள் படியில் ஓடாமல் நடந்து போனது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை கண்ணாடி வந்து சேர்ந்தது. காதில் மாட்டும் கம்பி ஒன்று கோணியிருந்தது. சோடா அதை விரலாலேயே நெளித்து நேராக்கி மாட்டிக்கொண்டாள். உலகம் திரும்பிவந்தது. வந்ததும் முதல் வேலையாகத் தலைமை நர்ஸைக் கூப்பிட்டு, மேலே போக வேண்டும் என்றாள். தானாக எழுந்து நாற்காலியில் உட்கார முடிந்தால் அனுப்புகிறேன் என்றாள் நர்ஸ். அவள் சொன்னது சாயங்காலத்தை மனதில் வைத்து. சோடா பத்தரை மணிக்கே கட்டிலின் கம்பியைப் பிடித்தாள். தையல் போட்ட இடம் நெருப்பாக எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தாள், மறு காலை வைத்தாள். உட்கார்ந்துவிட்டு, எங்கே வண்டி என்பதுபோல் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் வாயில் வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு சக்கர நாற்காலியை வரவழைத்தாள்.

மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. எதிரே, குழந்தைகள் வார்டு வாசலில், கை கழுவும் தொட்டியருகே ஒரு ஆள் நின்றிருந்தான். பாதியாக வளைந்து, ஒரு கையால் மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பத்தையும் மறுகையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு. முடியெல்லாம் குத்திட்டு நின்றது. நான்காவது மாடியிலிருந்து யாரிடமும் சொல்லாமல் இறங்கி வந்திருந்தான்.

தள்ளுவண்டியில் போனவனை ஒரு நாள் கழித்து இப்போதுதான் பார்க்கிறாள். கட்டிப்பிடிக்க இரண்டு பேருக்கும் வயிறு இடம்கொடுக்கவில்லை. அவன் தன் நெற்றியை அவள் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றான்.

"தாங்கிக்கன்னு சொன்னேன்ல?"

"உன் பொண்ணுகிட்ட கேளு. அவதான் அவசரப்பட்டா."

வாசலில் இருந்த நர்ஸ், ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி என்றாள். யார் முதலில் என்பதில் ஒரு தகராறு நடந்தது. நீதான் பெற்றவள், நீ போ என்று அவன். நான் மங்கலாகவாவது பார்த்தேன், நீ அதுகூடப் பார்க்கவில்லை, நீ போ என்று அவள். ஒருவர் நிற்க முடியாமல் நின்றுகொண்டும் ஒருவர் உட்கார முடியாமல் உட்கார்ந்துகொண்டும் விட்டுக்கொடுப்பதைப் பார்த்த நர்ஸ், இப்படியே பேசிக்கொண்டிருந்தால் பார்வை நேரமே முடிந்துவிடும் என்றாள். மெக்கானிக், சக்கர நாற்காலியை ஒரு கையால் உள்ளே தள்ளிவிட்டான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஆள் கிடந்தாள். சோடாவுக்கு அப்படித்தான் தோன்றியது, குழந்தை என்று தோன்றவில்லை, முழுசான ஓர் ஆள். மூக்கில் குழாய், காலில் சிவப்பு விளக்கு எரியும் ஒரு பட்டை. மார்பு, பறக்கப்போகிற குருவியின் மார்பு மாதிரி ஏறி இறங்கியது. சோடா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விரல் நகங்கள், அதில் ஒன்று கன்னத்தில் கீறிய கோடு. வலது காதின் மேல் மடிப்பு, அப்படியே மெக்கானிக்கின் காது. புருவம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பென்சில் கோடு. பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கையை விட்டு, உள்ளங்கையில் தன் விரலை வைத்தாள். மகள் பிடித்துக்கொண்டாள். சும்மா இல்லை, இறுக்கமாக.

அப்போது மெஷின் அலறியது. திரையில் எண்கள் சரசரவென்று இறங்கின. சோடா வாசல் பக்கம் திரும்பி நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் நிதானமாக வந்து, காலில் நழுவியிருந்த பட்டையைச் சரியாகச் சுற்றினாள். எண்கள் மேலே ஏறின. "உதைச்சுக் கழட்டிட்டா, அவ்வளவுதான்," என்றாள் நர்ஸ். "காலைலேருந்து மூணாவது தடவை. உங்க பொண்ணுக்கு இது புடிக்கல." நேற்று நிமிடத்துக்கு எண்பத்தைந்து மூச்சு விட்டவள், இன்று அறுபத்தெட்டு என்றும் சொன்னாள். பயந்து வெளிறிய முகத்தோடேயே சோடாவுக்கு மகளைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

அடுத்து அவன் போனான். சோடா வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தொழில் புத்தி எங்கே போகும், முதலில் மெஷினைத்தான் பார்த்தான். வயர் எங்கே போகிறது, பிளக் எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே தேடிப் பார்த்தான். பிறகு பெட்டிக்குள் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் தோள்கள் குலுங்கின. அழுதால் தையல் வலிக்கிறது, வலித்தால் அழுகை வருகிறது, அவனால் நிறுத்தவே முடியவில்லை. நர்ஸ் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தாள்.

மூன்றாம் நாள் ஆக்ஸிஜனை எடுத்தார்கள். நான்காம் நாள் காலை, தலைமை நர்ஸே போய்க் குழந்தையைத் தூக்கிவந்து சோடாவின் மார்பில் போட்டாள். குழந்தைக்குக் குடிக்கத் தெரியவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊரைக் கூட்டினாள். ஒரு மணி நேரம் மூன்று பேரும் வியர்த்து வழிந்தார்கள். மத்தியானமும் அதே கதை. நாலு மணிக்கு, சோடா சலித்துப்போய் முயற்சியை விட்டுவிட்டு, அண்ணியோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில், யாரும் கேட்காமலேயே மகள் தானாகக் கவ்விக்கொண்டாள். மடக் மடக் என்று விழுங்கும் சத்தம் கேட்டது. அண்ணி பேச்சை நிறுத்தினாள். அண்ணி நுனிக்காலில் நடந்து வெளியே போய், நான்காவது மாடிக்கு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

ஆறாம் நாள் மூவரும் ஒன்றாக வீட்டுக்குக் கிளம்பினார்கள். மெக்கானிக்கை முந்தின நாளே போகச் சொல்லிவிட்டார்கள். அவன்தான் போகாமல், பகல் முழுக்கப் பிரசவ வார்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. அண்ணி குழந்தையோடு முன்னால் ஏற, பின்னால் இரண்டு பேரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், நண்டு மாதிரி ஒவ்வொரு படியாக ஏறினார்கள். பாதி வழியில் சோடா நின்று மூச்சு வாங்கினாள். அவனும் நின்றான். யார் யாரைத் தாங்கிப்பிடிக்கிறார்கள் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது.

தொட்டில் தரையோடு தரையாக இருந்தது. குனிந்து தூக்க இரண்டு பேராலும் முடியாது. அண்ணி தொட்டிலை ஓரங்கட்டிவிட்டு, கட்டிலைச் சுவரோடு சேர்த்துத் தள்ளி, சுவர்ப்பக்கம் குழந்தையைப் படுக்கவைத்தாள். வேண்டியதெல்லாம் இடுப்பு உயரத்தில் எடுத்துவைத்தாள். ஆறு நாளாக எடுக்காத வகுப்புகளெல்லாம் காத்திருக்கின்றன என்று சொல்லி, வாசல்வரை போய், திரும்பிவந்து குழந்தையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

கதவு சாத்திக்கொண்டது. வீட்டில் அவர்கள் மூன்று பேர் மட்டும்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, குழந்தை நனைத்துவிட்டு வீறிட்டது. நர்ஸைக் கூப்பிட மணி எதுவும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோடா குழந்தையின் இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தாள், மெக்கானிக் துணியை உருவினான், புதுத் துணியைத் தலைகீழாகச் சுற்றினான், அவள் திட்டினாள், அவன் மறுபடி சுற்றினான். நடுவில் அவன் சட்டையும் நனைந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது இரண்டு பேருக்கும் முகமெல்லாம் வியர்வை. குழந்தை அதற்குள் தூங்கிவிட்டிருந்தது, மூச்சு சீராக, நிதானமாக. ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பார்த்தார்கள். அவனுக்கு நாற்பத்தொன்று வந்தது, அவளுக்கு நாற்பத்துமூன்று.

"நீ போய்க் குளி," என்றான் மெக்கானிக். "நான் பார்த்துக்கறேன்."

"உன்னால முடியுமா?"

"நகரவே மாட்டேன். போ."

ஆறு நாளாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டதுதான். சோடா துண்டை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். குளியலறைக் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் மட்டும் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்தாள்.